லௌப்ஹைம் நகர ஆவணங்களில் யூதர் வாழ்வு: எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

ஏடுதேடி எழுதியது:

ஜெர்மனியின் தென்மேற்கில், ஊல்ம் நகரத்துக்குத் தெற்கே, மேல் ஸ்வாபியா என்னும் வேளாண் பகுதியில் லௌப்ஹைம் என்ற சிறு நகரம் இருக்கிறது. ஹாலிவுட்டின் யூனிவர்சல் படநிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லெம்லெ 1867-ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்ற அளவில் சிலர் அதன் பெயரை அறிந்திருக்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அங்கே குடியேறத் தொடங்கிய யூதர்களின் எண்ணிக்கை 1869-இல் 843 ஆக உயர்ந்தது. வூர்ட்டெம்பெர்க் அரசின் மிகப் பெரிய யூதச் சமூகங்களுள் ஒன்றாக அது அப்போது விளங்கியது. நாஜிகள் அதிகாரத்துக்கு வந்த 1933-இல் ஏறத்தாழ 250 பேர் இருந்தார்கள். 1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துடன் அந்தச் சமூகம் இல்லாமலாக்கப்பட்டது.

தமிழில் இப்பொருள் குறித்து எழுதப்படும் பெரும்பாலான கட்டுரைகளில் ஜெர்மன் யூதர்கள் 1933-இல் தோன்றி 1945-இல் மறைந்துவிடுகிறார்கள். வதைமுகாம்களின் பெயர்களை ஒப்பிக்கும் வாசகருக்கும், அங்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் எந்தத் தெருவில் என்ன கடை வைத்திருந்தார்கள், எந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள், ஊர்ப் பொதுவில் எதற்கெல்லாம் பொறுப்பேற்றார்கள் என்பது தெரிவதில்லை. எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதை மட்டும் அறிந்து, எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறியாதிருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழி சிறு நகரங்களின் ஆவணக் காப்பகங்களில் இருக்கிறது. நகரமன்றத்தின் தீர்மானப் புத்தகங்கள், தொழில்வரிப் பதிவேடுகள், நில உரிமைப் பதிவேடுகள், வீடுகளின் தீக்காப்பீட்டுப் பட்டியல்கள், பள்ளிக் கோப்புகள், சங்கங்களின் கடிதப் போக்குவரத்து ஆகிய எல்லாவற்றிலும் யூதக் குடும்பங்கள் வருகின்றன. தெருத்தெருவாகப் பொருள் சுமந்து விற்றவர்களும் மாட்டுத் தரகர்களுமாக இருந்த மக்கள் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் துணிக்கடைக்காரர்களாகவும் ஆலை உரிமையாளர்களாகவும் மாறியதை அந்த ஏடுகளின் வழியே ஆண்டுவாரியாகப் பின்தொடர முடிகிறது. பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் வணிகத்தில் இன்று உலகறிந்த ஸ்டைனர் நிறுவனம் 1845-இல் லௌப்ஹைமில்தான் தொடங்கப்பட்டது. மனிதத் தலைமுடியைப் பதப்படுத்தி விற்கும் தொழிலும் அவ்வூரில் யூதக் குடும்பங்களின் கையில் வளர்ந்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பளிக்கும் செய்தி குரோஸ்லௌப்ஹைம் மாளிகையைப் பற்றியது. யூதர்கள் ஊருக்குள் குடியிருக்கலாம் என்று அனுமதி வழங்கிய வெல்டன் பிரபுக்களின் மாளிகை அது. 1843-இல் அதை விலைக்கு வாங்கியவர்கள் ஸ்டைனர் என்னும் யூதக் குடும்பத்தினர். அதே மாளிகையில்தான் கிறித்தவர், யூதர் ஆகிய இரு சமூகத்தாரின் கூட்டு வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இப்போது இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: லௌப்ஹைம் போன்ற ஊரின் ஆவணங்களை வாசிக்கப் புகுபவர் 18-ஆம் நூற்றாண்டிலிருந்து முன்னோக்கி நடக்க வேண்டும். 1933-ஐக் கடைசியில்தான் வந்தடைய வேண்டும். இதில் மாற்றுக்கருத்து உடையவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதிவறை எழுதியது:

நகராட்சி ஒன்றின் பதிவறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சில ஐயங்களை முன்வைக்கிறேன்.

எந்த நாட்டு அலுவலகமானாலும், தனக்குத் தேவையானதை மட்டுமே அது எழுதிவைக்கும். வரி கட்டியவர் பதிவேட்டில் இருப்பார். வழக்காடியவர் கூடுதலாக இருப்பார். எவருடனும் முரண்படாமல் வாழ்ந்து மறைந்தவர் பிறப்பிலும் இறப்பிலும் மட்டும் இருப்பார். தாங்கள் பட்டியலிட்ட ஏடுகள் எல்லாமே கிறித்தவப் பெரும்பான்மையினர் நடத்திய நிர்வாகம் தன் வசதிக்காக எழுதியவை. யூத வணிகர்கள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்று உள்ளூர் வணிகர்கள் கொடுத்த மனு கோப்பில் இருக்கும். அதே வணிகர்கள் மறுவாரம் அந்த யூதர் கடையில் கடனுக்குத் துணி வாங்கியது இருக்காது. பூசல் மிகுந்தும் நல்லுறவு குறைந்தும் தோன்றுவது இத்தகைய ஆவணங்களின் இயல்பு. பெண்கள் கணவரை இழந்த பிறகுதான் தம் பெயரில் வரி கட்டுபவர்களாகத் தலைகாட்டுவார்கள். தொழுகைக்கூடத்தில் என்ன பாடினார்கள், பண்டிகைக்கு யார் யாரை அழைத்தார்கள், ஏழைப் பெண்ணின் திருமணச் செலவை எந்த அறக்கட்டளை ஏற்றது என்பனவற்றை நகராட்சி அறிந்திருக்கவே வாய்ப்பில்லை.

ஆகவே நான் கேட்க விரும்புவது, அந்தச் சமூகம் தனக்காக எழுதிவைத்த ஏடுகள் எங்கே என்பதுதான். அவை இல்லாமல் நகராட்சிக் கோப்புகளை மட்டும் கொண்டு அவர்கள் வாழ்ந்த வாழ்வை எழுதிவிட முடியும் என்று தாங்கள் நம்புகிறீர்களா?

ஏடுதேடி எழுதியது:

பதிவறை ஐயாவின் கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தொடக்கக் காலத்து ஆவணங்களுள் முதன்மையானது அடைக்கலப் பட்டயம். ஊர்ப் பிரபு ஒருவர் இத்தனை யூதக் குடும்பங்கள் இன்ன இடத்தில் வீடு கட்டி வாழலாம், இன்ன தொழில் செய்யலாம், ஆண்டுதோறும் இவ்வளவு காப்புப்பணம் செலுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது. அது தவணைக் காலம் குறிக்கப்பட்ட ஒப்பந்தமாக இருந்தது. தவணை முடிந்தால் மறுபடியும் பணம் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டயத்தில் யூதர்கள் பேரம் பேசும் ஒரு தரப்பாகவேனும் இருக்கிறார்கள். அக்காலத்து ஒப்பந்தங்களிலும் கணக்குகளிலும் ஜெர்மன் வரிகளுக்குக் கீழே எபிரேய எழுத்தில் கையொப்பங்கள் காணப்படுவதுண்டு. எழுதியவர் பிரபுவின் எழுத்தர் என்றாலும், தாளின் அடிப்பகுதியில் யூதரின் சொந்தக் கை பதிந்திருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பகுதி வூர்ட்டெம்பெர்க் அரசுக்குள் வந்தது. 1828-இல் அவ்வரசு யூதர்களுக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. நிலையான குடும்பப் பெயர், பள்ளிக் கல்வி, கைத்தொழில் பயிற்சி ஆகியவற்றை வலியுறுத்திய அச்சட்டம், ஊர் சுற்றி விற்கும் வணிகத்தில் ஈடுபட்டோருக்கு உரிமைகளைக் குறைத்தும் வைத்தது. முழுச் சமவுரிமை 1864-இல்தான் வந்தது. இந்தக் காலத்தில் யூதச் சமூகத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளோடு குடும்பப் பதிவேடு என்ற ஒன்றும் பேணப்பட்டது. குடும்பத்துக்கு ஒரு தாள். அதில் கணவர், மனைவி, அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், ஒவ்வொருவரின் பிறந்த நாள், மணமுடித்த ஊர், இறந்த நாள். குறிப்புப் பகுதியில், அமெரிக்கா சென்றார் என்பது அடிக்கடி வரும். கார்ல் லெம்லெ அவருடைய பெற்றோரின் 13 பிள்ளைகளுள் 10-ஆமவர். அவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்தார்கள். அவர் 17 வயதில், 1884-இல் கப்பலேறினார். 19-ஆம் நூற்றாண்டு யூதச் சிற்றூர் வாழ்க்கையின் உயிரிழப்பையும் வெளியேற்றத்தையும் இத்தகைய ஒரே ஒரு தாளில் காணலாம். பக்கத்துச் சிறு நகரமான பூக்கௌவில் 1847-இல் பிறந்தவர் ஹெர்மன் ஐன்ஸ்டைன். இயற்பியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் தந்தையான அவருடைய முன்னோரையும் இவ்வகைப் பதிவேடுகளிலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் தொடுத்தெடுத்தார்கள்.

இனி, சமூகம் தனக்காக எழுதிய ஏடுகள். 1905-இல் பெர்லினில் ஜெர்மன் யூதர்களுக்கான மைய ஆவணக் காப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. பல சமூகங்கள் தம் பழைய ஏடுகளை அங்கே ஒப்படைத்தன. அவற்றில் ஒரு பகுதி போருக்குப் பின் எருசலேமுக்குச் சென்றது. 1938 நவம்பரில் நாடெங்கும் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டபோது, சமூக அலுவலகங்களில் எஞ்சியிருந்த ஏடுகளைக் கெஸ்டபோ என்னும் நாஜி இரகசியக் காவல்துறை கைப்பற்றியது. பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் மீது இனக் கணக்கெடுப்பு நடத்திய அலுவலகத்துக்குத் தனி ஆர்வம் இருந்தது. யார் யூதர் என்று கண்டுபிடிப்பதற்கு அவை பயன்பட்டன. போர் தோல்வியில் முடியும் தறுவாயிலும் அந்த அலுவலகம் அவற்றைப் படச்சுருளில் ஏற்றிக்கொண்டிருந்தது. மூல ஏடுகள் பின்னர் காணாமற்போயின. படச்சுருள் பிழைத்தது. வூர்ட்டெம்பெர்க், பாடன், ஹோகென்சோலர்ன் பகுதிகளின் அந்தப் படிகள் இப்போது ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாநில முதன்மை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் எவரும் அவற்றைத் திறந்து பார்க்கலாம்.

ஆகவே ஐயாவுக்கு என் பதில்: நகராட்சிக் கோப்புகள் மட்டும் போதா என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றவை சிதறிப்போன நிலையில், ஊரைவிட்டு நகராமல் இருந்தவை அவைதாம்.

வடலி எழுதியது:

நான் ஸ்வாபியாவில் பல ஆண்டுகளாக வசிப்பவன். ஏடுதேடி ஐயாவின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவர் கூறும் வரிசையை ஏற்க என்னால் இயலவில்லை.

ஜெர்மனிக்கு வந்த தமிழர் ஒவ்வொருவரும் வீடு கிடைத்ததும் முதலில் செய்கின்ற வேலை, நகரசபை அலுவலகத்துக்குச் சென்று அன்மெல்டுங் என்னும் வதிவிடப் பதிவைச் செய்வதுதான். பெயர், பிறந்த இடம், முன்பிருந்த முகவரி, சமயம் எல்லாம் அங்கே எழுதப்படும். அந்த ஒழுங்கு நமக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. இதே ஒழுங்குதான் 1933-க்குப் பின், ஒரு சிற்றூரில் யார் யார் யூதர், எந்த வீட்டில் எத்தனை பேர், அவர்களுடைய சொத்து என்ன என்று எந்தத் தேடுதலுமின்றிச் சொல்லக்கூடியதாக இருந்தது. 1828 முதல் நல்ல நோக்கத்தோடோ நோக்கமே இன்றியோ நிரப்பப்பட்ட பத்திகளை 1938-இல் வேறொருவர் வேறொன்றுக்காக வாசித்தார். அதை மறந்துவிட்டு அந்தத் தாள்களை வெறும் வாழ்க்கைக் குறிப்புகளாக நான் வாசிக்க முடியாது.

ஒரு பிறப்புப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 ஜனவரி முதல் ஜெர்மன் பேரரசு முழுவதும் அரசுப் பதிவாளர்களே பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்தார்கள். அதன்பின் பிறந்த யூதக் குழந்தையின் பதிவு, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குழந்தையின் பதிவுக்கு அடுத்த எண்ணில், அதே மையில் இருக்கும். 1938 ஆகஸ்டில் வந்த ஆணையின்படி, யூதப் பெயர் என்று அரசு ஏற்றுக்கொண்ட பெயர் இல்லாத ஒவ்வொரு யூதரும் 1939 ஜனவரி முதல் ஆணாயின் இஸ்ரேல் என்றும் பெண்ணாயின் சாரா என்றும் கூடுதல் பெயர் தாங்க வேண்டியதாயிற்று. பதிவாளர் பழைய ஏட்டைத் திறந்து, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்தப் பெயரை எழுதி ஒப்பமிட்டார். போர் முடிந்தபின் அதே அலுவலகத்தில் இன்னொரு குறிப்பு, மேற்படி பெயர் செல்லாது என்று, அதன் கீழே எழுதப்பட்டது. முதற்குறிப்பு எழுதப்பட்டபோது அம்மனிதர் உயிரோடிருந்தார். இரண்டாவது எழுதப்பட்டபோது பெரும்பாலும் இல்லை. இந்தத் தாளைப் பார்த்துவிட்டு, 1933-ஐக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் என்று எவ்வாறு கூற முடியும்? அதே தாளின் ஓரத்தில்தானே அது இருக்கிறது.

நகரசபைச் சுவடிகளில் எழுத்து மட்டும் இல்லை. சுவிஸ் எல்லையோர நகரமான லோராக்கின் நகரச் சுவடிக்கூடத்தில் 1940 ஒக்டோபர் 22-இல் எடுக்கப்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. அன்று பாடனிலிருந்தும் அதை அடுத்த சார்-பலட்டினப் பகுதியிலிருந்தும் ஏறத்தாழ 6,500 யூதர்கள் பிடிக்கப்பட்டுத் தெற்கு பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். லோராக்கில் அவர்கள் பகலில், நகரின் நடுவே, லொறிகளில் ஏற்றப்பட்டார்கள். சுற்றிலும் ஊர்மக்கள் நின்று பார்க்கிறார்கள். பின்னர் அவர்களுடைய வீட்டுப் பொருட்கள் ஏலம் விடப்பட்டதும் படமாக இருக்கிறது. ஏலத்துக்கு வந்து நிற்பவர்கள் அயலவர்கள். இவை இரகசியமாக எடுக்கப்பட்டவையல்ல. அதிகாரத்தின் தரப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. நகரசபைச் சுவடிகளை வாசிப்பவர் இதை முதலில் அறிந்திருந்தால்தான், மற்ற ஏடுகளை எழுதிய கையைப் பற்றிய எச்சரிக்கை அவருக்கு இருக்கும்.

முதுவேனில் எழுதியது:

நடுவில் ஒரு செயல்முறைக் கேள்வி கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். எனக்கு ஜெர்மன் மொழி ஓரளவு வாசிக்க வரும். ஏடுதேடி ஐயா குறிப்பிட்ட குடும்பப் பதிவேட்டின் படங்களைத் திறந்து பார்த்தேன். அச்செழுத்தில் இருக்கும் பத்தித் தலைப்புகளை எழுத்துக்கூட்ட முடிகிறது. கையெழுத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எபிரேயம் தெரிந்திருந்தால்தான் வாசிக்க முடியுமா? இதைக் கற்றுக்கொள்ளத் தமிழர் ஒருவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

வடலி எழுதியது:

அக்கா, அது குர்ரென்ட் என்னும் பழைய ஜெர்மன் கையெழுத்து முறை. இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களாலும் அதை வாசிக்க முடிவதில்லை. 1940-களின் தொடக்கத்தில் பள்ளிகளிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. நகரச் சுவடிக்கூடங்களும் முதியோர் கல்வி நிலையங்களும் அதற்கென வகுப்புகள் நடத்துகின்றன. எபிரேயம் தொடக்கத்தில் தேவையில்லை. நகரசபை ஏடுகளும் அரசு கேட்டு எழுதப்பட்ட பதிவேடுகளும் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே இருக்கின்றன. கல்லறைக் கல்வெட்டுகளுக்கும் பழைய சமூக ஏடுகளுக்கும் மட்டுமே எபிரேயம் வேண்டும். குடும்பப் பதிவேட்டில் ஒரே வகைச் சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், மாதங்களின் பெயர்கள், ஊர்ப் பெயர்கள், வணிகர், கசாப்புக்காரர், கைம்பெண் போன்ற தொழில், நிலைச் சொற்கள் ஆகியவற்றை முதலில் அடையாளம் காணப் பழகுங்கள். எழுத்துகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட அது விரைவில் பலன் தரும். குர்ரென்ட்டைப் படித்துக்காட்டும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டன. ஆட்பெயர்களில் அவை தடுமாறுகின்றன. ஆட்பெயரே முக்கியமான இடத்தில் அவற்றை நம்பிவிட வேண்டாம்.

பதிவறை எழுதியது:

வடலி அவர்களின் பதிவு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ஓரக்குறிப்பு எழுதிய அந்தப் பதிவாளரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். சிறிய ஊரில் பதிவாளருக்கு ஏட்டிலுள்ளவர்களை முகம் தெரியும். பெயரைச் சேர்க்கும்போது அந்த முகம் அவர் முன் வந்திருக்குமே. ஆணைக்குப் பணிந்தேன் என்று பின்னாளில் பல அலுவலர்கள் கூறியதாகப் படித்திருக்கிறோம். ஆனால் தலைநகரிலிருந்து வந்த ஆணை, ஊர் அலுவலகத்தில் ஒருவர் பேனாவை எடுக்கும்வரை நடைமுறைக்கு வருவதில்லை. என் பணிக்காலம் முழுவதும் பதிவேடு என்றால் உண்மையைக் காப்பது என்று எண்ணியே பணிசெய்தேன். அவ்வளவு எளிதாக அதைச் சொல்லிவிட முடியாது என்று இப்போது தோன்றுகிறது.

இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. 1962-இல் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம், அங்கே வாழ்ந்த யூதக் குடிமக்களின் கதியைக் கண்டறிந்து எழுதுவதற்காக ஸ்டுட்கார்ட் முதன்மைக் காப்பகத்தில் ஆவண மையம் ஒன்றை அமைத்தது. அது ஒவ்வொரு ஊராட்சிக்கும் கேள்வித்தாள்களை அனுப்பியது. இன்னார் எப்போது ஊரைவிட்டுச் சென்றார், எங்கே சென்றார், என்ன ஆனார் என்று கேட்கப்பட்டவை அதே அலுவலகங்கள். பல இடங்களில் அதே அலுவலர்களும் இருந்திருக்கக்கூடும். அவர்கள் பழைய வதிவிட அட்டைகளைப் புரட்டிப் பதில் எழுதினார்கள். அட்டையில் ஊரைவிட்டுப் போனதாக ஒரு தேதி இருக்கும், சேருமிடம் இருக்காது. இருந்தாலும் கிழக்கே என்பதற்கு மேல் ஒன்றும் இராது. அத்தேதியை ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்ட ரயில்களின் தேதிகளோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். 1941 டிசம்பர் முதல் தேதி லாட்வியாவின் ரீகாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். 1942 ஏப்ரல் இறுதியில் போலந்தின் இஸ்பிட்சாவுக்கு. 1942 ஆகஸ்டு 22-இல் பெரும்பாலும் முதியோராகத் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு. லௌப்ஹைமின் எஞ்சிய யூதர்கள் இந்த ரயில்களில்தான் ஏற்றப்பட்டார்கள். அதற்கு முன்பே பலர் சொந்த வீட்டிலிருந்து அகற்றப்பட்டு, ஊரோரத்துக் குடிசை வரிசைகளிலும், முதியோர் விடுதியாக மாற்றப்பட்ட ரபி என்னும் யூத மதகுருவின் பழைய இல்லத்திலும் அடைக்கப்பட்டிருந்தார்கள்.

நகராட்சி அட்டையைத் தனியாக வாசிப்பவர் ஏமாந்துபோவார் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. மாவட்ட வருவாய் அலுவலகங்களின் பறிமுதல் கோப்புகளும் போருக்குப் பிந்தைய இழப்பீட்டுக் கோப்புகளும் அருகில் இருக்க வேண்டும். லௌப்ஹைம் போருக்குப் பின் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் இருந்ததால், அவ்வகைக் கோப்புகளைத் தேடுவோர் சிக்மாரிங்கன் மாநிலக் காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். இழப்பீட்டு மனுக்களில் ஒரு பெரும் நன்மை இருக்கிறது. தப்பிப் பிழைத்தவர் தம் வீட்டில் என்னென்ன இருந்தன என்று தாமே வரிசைப்படுத்துகிறார்: கூடத்தில் பியானோ, அலமாரியில் இத்தனை தட்டுகள், தையல் இயந்திரம், பிள்ளைகளின் கட்டில். நான் முன்பு இல்லை என்று குறைப்பட்ட வீட்டின் உட்புறம், வீடு பறிபோன பிறகு எழுதப்பட்ட கோப்பில் கிடைக்கிறது.

ஏடுதேடி எழுதியது:

இருவரும் எழுதியவை என் கருத்தை மாற்றவில்லை. ஆனால் அதை இன்னும் திருத்தமாகச் சொல்லத் தூண்டுகின்றன.

வடலி அவர்கள் 1938-இலிருந்து பின்னோக்கிப் பார்க்கச் சொல்கிறார். அப்படிப் பார்க்கும்போது அதற்கு முந்தைய ஒவ்வொரு தாளும் பிற்காலக் கொடுமைக்கு முன்னேற்பாடாகத் தெரியத் தொடங்கிவிடும். 1919-இல் லௌப்ஹைம் நகரமன்றம் கார்ல் லெம்லெயைக் கௌரவக் குடிமகனாக்கியது. முதல் உலகப்போருக்குப் பின் பசியில் வாடிய பிறந்த ஊருக்கு அவர் அனுப்பிய உதவிக்கு அது நன்றி. ஊரில் ஒரு தெருவுக்கும் அவர் பெயர் இடப்பட்டது. நாஜிகள் அதிகாரத்துக்கு வந்தபின் அப்பெயர் நீக்கப்பட்டது. இரண்டு முடிவுகளும் ஒரே ஊராட்சியுடையவை. முதலாவதை மெய்யான நன்றியாக வாசிக்காதவருக்கு, இரண்டாவது எவ்வளவு பெரிய துரோகம் என்பது விளங்காது. கிலியான் ஸ்டைனர் என்ற வங்கியாளர் அவ்வூரில் 1833-இல் பிறந்தவர். ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் நினைவாக மார்பாக்கில் இன்று நிற்கும் இலக்கிய நிறுவனங்களுக்கு வித்திட்ட சங்கத்தை 1895-இல் தோற்றுவித்தவர்களுள் அவர் ஒருவர். ஜெர்மன் இலக்கியத்தின் காப்பகம் உருவாகக் காசும் உழைப்பும் தந்த மனிதர் ஜெர்மனியைத் தன் நாடாகவே கருதி வாழ்ந்தார். அந்த நம்பிக்கையை அவருடைய காலத்துக்குள் நின்றே வாசிக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

கிரெட்டல் பெர்க்மன் அவ்வூரில் 1914-இல் பிறந்தார். தலைமுடித் தொழிற்சாலை நடத்திய குடும்பம். 1936 ஜூனில் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மன் சாதனையைச் சமன்செய்தார். யூதர் என்பதால் பெர்லின் ஒலிம்பிக் அணியிலிருந்து விலக்கப்பட்டார். 1937-இல் அமெரிக்கா சென்றார். அவரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் 1936-இல் தொடங்குகிறார்கள். கிறித்தவப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி ஓடிய சிறுமியாகவும் அவர் ஒருகாலத்தில் அவ்வூரில் இருந்தார். அதைச் சொல்லக்கூடிய தாள்கள், ஊர்ப் பள்ளி, விளையாட்டுச் சங்கம் ஆகியவற்றின் சாதாரணக் கோப்புகள்தாம். அவரே பிற்காலத்தில் தம் நினைவுகளைப் பேசியும் எழுதியும் வைத்தார் என்பது நம் நற்பேறு.

ஊரார் தாமே எழுதியவற்றைப் பற்றி ஒன்று கூற வேண்டும். அருகிலுள்ள கோப்பிங்கனில் ரபியாக இருந்த ஆரோன் டென்சர், அங்கும் ஜெபன்ஹௌசனிலும் வாழ்ந்த யூதர்களின் வரலாற்றை 1927-இல் வெளியிட்டார். ஒவ்வொரு வீட்டின் குடும்ப வழியையும் ஏடுகளிலிருந்து எடுத்து எழுதினார். பதினொரு ஆண்டுகளுக்குள் தொழுகைக்கூடம் எரிந்தது. அவர் 1937-இல் காலமானதால் அதைக் காணவில்லை. லௌப்ஹைமிலிருந்து தப்பிச் சென்ற ஒருவர் அமெரிக்காவில் இருந்துகொண்டே ஊர்க் குடும்பங்களின் ஆவணங்களைத் திரட்டினார். ஜெர்மன் யூதர்களின் வரலாற்றைப் பேணும் நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனம் அவ்வகைத் திரட்டுகளைக் காத்துவருகிறது. பதிவறை ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு உண்மையான விடை இவர்கள்தாம். நகராட்சி எழுதாமல் விட்டதை அவர்கள் எழுதினார்கள்.

கருங்கல் எழுதியது:

இதுவரை எவரும் தொடாத ஒன்றைப் பற்றிக் கேட்கிறேன். இந்தப் பெயர்களையெல்லாம் இணையத்தில் திறந்துவைப்பது சரியா? தம் பெயரும் முகவரியும் பட்டியலில் இருந்ததாலேயே கொல்லப்பட்டவர்களை மறுபடியும் பட்டியலாக்குகிறோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உலகெங்கும் உயிரோடிருக்கிறார்கள். மனநல மருத்துவமனையில் இருந்த பாட்டியைப் பற்றியும் கடனில் மூழ்கிய தாத்தாவைப் பற்றியும் அந்நியர்கள் படிப்பதை அவர்கள் விரும்புவார்களா?

வடலி எழுதியது:

கருங்கல் அவர்களின் கேள்விக்குச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. 2009 முதல் நடைமுறையிலுள்ள விதியின்படி, பிறப்புப் பதிவேடு 110 ஆண்டுகளும் திருமணப் பதிவேடு 80 ஆண்டுகளும் இறப்புப் பதிவேடு 30 ஆண்டுகளும் பதிவாளரிடம் இருக்கும். அதன்பின் சுவடிக்கூடத்துக்கு மாறி ஆராய்ச்சிக்குத் திறக்கப்படும். கிரெட்டல் பெர்க்மன் பிறந்த 1914-ஆம் ஆண்டின் பிறப்புகளுக்கான காலம் 2024-இல்தான் முடிந்தது. ஆகவே 1920-களில் பிறந்த யூதக் குழந்தைகளின் பதிவுகள் இனி வரும் ஆண்டுகளில் ஒவ்வொன்றாகத் திறக்கும். இந்த இழையில் நாம் விவாதிப்பது முடிந்துபோன வேலையைப் பற்றியல்ல.

சட்டம் விடை தராத பகுதிக்கு என் தனிப்பட்ட நிலைப்பாட்டைக் கூறுகிறேன். கொல்லப்பட்டவர்களின் பெயர்களை ஜெர்மன் மத்திய அரசின் ஆவணக் காப்பகமே நினைவேட்டில் வெளியிட்டிருக்கிறது. உறவினரைத் தேடி இன்றும் எழுதுகிறவர்களுக்கு அதுவே முதல் கதவு. பெயரைக் கூறுவது வேறு. நோய், கடன், வழக்கு ஆகியவற்றை விரித்து எழுதுவது வேறு. இரண்டாவதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்பேன். நாஜிக் காலக் கோப்புகளில் யூதர்கள் மீது சுமத்தப்பட்ட வரி மோசடி, நாணயக் குற்றம் போன்றவற்றைக் குற்றமென்றே திரும்ப எழுதிவிடும் கட்டுரைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

ஏடுதேடி ஐயாவிடம் ஒரு விடயத்தில் இணங்குகிறேன். 1919-இன் நன்றி மெய்யானது என்று அவர் கூறுவதை மறுக்க மாட்டேன். ஆனாலும் ஏட்டைத் திறப்பவர் ஓரக்குறிப்பைக் கையால் மூடிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பதை இன்னும் ஏற்கவில்லை. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு, குடும்பத் தாள், வரி, வீடு, பள்ளி, வதிவிட அட்டை, ரயில் பட்டியல், இழப்பீட்டு மனு என்று எல்லாவற்றையும் மேசையில் ஒருங்கே விரித்து வாசிப்போமானால், எது முதலில் என்ற நம் சச்சரவு பெரிதும் குறையும் என்று நினைக்கிறேன்.

ஏடுதேடி எழுதியது:

அதைச் செய்து பார்ப்போம். பிரீட்ரிக் அட்லரின் குடும்பத்தை முன்மொழிகிறேன். 1878-இல் லௌப்ஹைமில் இனிப்புக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். ஹாம்பர்க்கின் கலைத்தொழிற் பள்ளியில் 1933 வரை ஆசிரியர். 1914-இல் கொலோன் கண்காட்சிக்கெனத் தொழுகைக்கூட அறையொன்றையும் அதன் வழிபாட்டுக் கலன்களையும் வடிவமைத்தவர். 1942-இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். பொதுவாழ்வில் அறியப்பட்டவர் என்பதால் கருங்கல் அவர்களின் தயக்கத்துக்கும் இங்கே இடமில்லை. பிறந்த ஊரின் ஏடுகளில் தொடங்கும் அவருடைய தடம் பாதியில் ஹாம்பர்க்குக்கு மாறிவிடுகிறது. ஒரே நகராட்சியின் கோப்புகளைக் கொண்டு ஒரு வாழ்வை எவ்வளவு தூரம் பின்தொடரலாம் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

முதுவேனில் அம்மாவுக்காக, குடும்பப் பதிவேட்டின் பத்தித் தலைப்புகளையும் அதில் அடிக்கடி வரும் ஐம்பது சொற்களையும் குர்ரென்ட் வடிவத்தோடு தமிழ்ப் பொருள் சேர்த்துத் தனி இழையாக இடுகிறேன். அட்லர் குடும்பத் தாளை முதலில் அவர்களே எழுத்துக்கூட்டி இங்கே பதியட்டும். ஐயமுள்ள இடங்களை வடலி அவர்கள் சரிபார்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.